காத்திருக்கிற இடத்திலே தோட்டம் போடுங்கள்!

வேதபாகம்: எரேமியா 29:1-14



நம் பள்ளத்தாக்கிலே ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுக்கிறவர்கள் மழைக்காக எழுதுவார்கள், ஏலக்காய் விலைக்காக எழுதுவார்கள், பிள்ளைப்பேறுக்காக எழுதுவார்கள். சமீப வருஷங்களில் இன்னொரு குறிப்பும் சேர்ந்துகொண்டது. "அமெரிக்கா ஃபைல் நகர ஜெபிக்கவும்." நாலே வார்த்தை. அதற்குள்ளே பத்துப் பதினைந்து வருஷத்துக் கண்ணீர் இருக்கிறது.

கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மூத்த மகள் நர்சு படித்து அமெரிக்கா போகிறாள். அங்கே சிட்டிசன் ஆகிறாள். அப்பா அம்மாவை அழைத்துக்கொள்கிறாள். பெற்றோருக்கு வரிசை கிடையாது, சீக்கிரமே போய்விடுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்து அம்மாவும் சிட்டிசன் ஆகி, ஊரிலே இருக்கிற மகனுக்காக மனுப் போடுகிறார். மகனுக்கோ கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். சின்னமனூரிலோ, உத்தமபாளையத்திலோ, மேலே ஹைவேவிஸ் எஸ்டேட்டிலோ அவன் குடும்பத்தோடு இருக்கிறான். மனுப் போட்ட நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "என்னப்பா, இன்னும் வரலையா?"

பிரியமானவர்களே, இப்படிப்பட்டவர்களுக்காகவே இந்த மாதச் செய்தி. மனு இல்லாதவர்களும் வாசியுங்கள். காத்திருக்காத வீடு எது?

ரோடு தெரிந்தவன் பயப்படமாட்டான்

முதலாவது, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருக்க வேண்டும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகிற பஸ் 18 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்புகிறது. ஒவ்வொரு வளைவிலும் பஸ் வந்த திசைக்கே முகத்தைத் திருப்பும். புதிதாக ஏறினவன் "என்ன, திரும்பிப் போகுதா?" என்று கலங்குவான். ரோடு தெரிந்தவன் கலங்கமாட்டான்.

அமெரிக்கச் சட்டத்திலே சிட்டிசனுடைய கலியாணமான மகன், மகளுக்கு ஒரு தனி வரிசை இருக்கிறது. 1990-ம் வருஷத்துச் சட்டம் இந்த வரிசைக்கு வருஷத்துக்கு 23,400 விசா என்று கணக்கு வைத்தது. இது ஒரு தேசத்துக்கு அல்ல, உலகம் முழுவதற்கும். இதிலே மருமகளும் பேரப்பிள்ளைகளும் அடக்கம். நாலு பேர் உள்ள வீடு நாலு இடத்தை எடுத்துக்கொள்ளும். அதோடு எந்த ஒரு தேசத்தாருக்கும் மொத்தத்தில் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் இல்லை என்றும் ஒரு வரம்பு. இதனால் 2025-ம் வருஷத்தின் முடிவில் நம் தேசத்தாருக்கு 2011-ல் கொடுத்த மனுக்களுக்கே முறை வந்திருந்தது. ஏறக்குறைய 14 வருஷம்! மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் தேசத்தாருக்கோ இருபது வருஷத்தையும் தாண்டிவிட்டது.

மனுப் போட்ட தேதிதான் உங்கள் இடத்தைக் காட்டும். மாதாமாதம் அந்த அரசாங்கம் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. தேதி ஒரு மாதம் முன்னே போகும், ஒரு மாதம் அசையாமல் நிற்கும், சில வேளை பின்னாலும் போகும். அதைப் பார்த்து நீங்கள் பாவம் செய்தீர்கள், உங்கள் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதேயுங்கள். அது மனுஷர் போட்ட கணக்கு. வரிசை நீளம், அவ்வளவுதான்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு காரியம். 21 வயது தாண்டினால் பிள்ளை தகப்பனுடைய ஃபைலிலிருந்து விழுந்துவிடும் என்ற பயம் பல வீடுகளில் உண்டு. 2002-ல் அதற்காக ஒரு சட்டம் வந்தது. மனு கொடுத்த நாளிலிருந்து அது அங்கீகாரம் ஆகும்வரை எத்தனை காலம் ஆனதோ, அதைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிப்பார்கள். முறை வருகிறபோது மகனுக்கு 24 வயது, அங்கீகாரத்துக்கு 4 வருஷம் ஆனது என்றால், கணக்கில் அவனுக்கு 20 வயதுதான். கலியாணமாகாமல் இருக்க வேண்டும், முறை வந்த ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பத்தையும் தொடங்க வேண்டும். ஆகவே அந்த அங்கீகாரக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். விலாசம் மாறினால் எழுதித் தெரிவியுங்கள். இதெல்லாம் விசுவாசக் குறைவல்ல, உக்கிராணத்துவம்.

அனனியாவின் இரண்டு வருஷம்

இப்பொழுது வேதபாகத்துக்கு வருவோம். எருசலேமிலிருந்து ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போகக் காத்திருந்தார்கள். நம்முடைய பிள்ளைகள் ஊரைவிட்டுப் புறப்படக் காத்திருக்கிறார்கள். திசை வேறு, ஆனால் நெஞ்சிலே உள்ள பாரம் ஒன்றுதான்.

28-ம் அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் எழும்புகிறான். ஜனங்கள் நடுவே நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாய் இருந்திருக்கும்! கூட்டமே எழும்பி ஸ்தோத்திரம் சொல்லியிருக்கும். ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. எரேமியாவோ எழுபது வருஷம் என்று எழுதி அனுப்பினான். எது இனிப்பாக இருந்தது? எது உண்மையாக இருந்தது? அனனியா அந்த வருஷமே மரித்துப்போனான்.

தேவஜனமே, கவனியுங்கள். இன்றைக்கும் அனனியாக்கள் உண்டு. "இந்த மாதத்துக்குள்ளே உனக்கு விசா, கர்த்தர் சொல்லுகிறார்" என்று தலையில் கை வைத்துச் சொல்லிக் காணிக்கை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆவியின் வரங்களை நாம் தள்ளுகிறவர்கள் அல்ல. தள்ளாதபடியினாலேயே சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). சொன்ன மாதம் போய், அடுத்த மாதமும் போனால் தீர்க்கதரிசி எங்கேயோ இருப்பான். விசுவாசத்தை இழந்து நிற்பது நம் வீட்டு மருமகள்.

ஏஜெண்டு வேஷத்திலும் அனனியா வருவான். "உள்ளே ஆள் இருக்கு, ஒரு லட்சம் குடுத்தா தேதியை முன்னாலே இழுத்துருவோம்" என்பான். ஒரு ரூபாயும் கொடாதேயுங்கள். அந்தத் தேதியை யாரும் இழுக்க முடியாது. எஸ்டேட்டிலே கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தையும், பன்னீர் திராட்சை விற்ற பணத்தையும் பொய்யனுக்குக் கொடுக்க வேண்டாம்.

ஆபிராம் மறைத்த கலியாணம்

அடுத்தது, சொல்லக் கஷ்டமான ஒரு காரியம். ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும்.

கலியாணமாகாத பிள்ளைக்கு வரிசை சில வருஷம் குறைவு. அது மட்டுமல்ல. அம்மா கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்து, இன்னும் சிட்டிசன் ஆகாத நிலையில் மகனுக்கு மனுப் போட்டிருந்தால், அந்தக் காலத்தில் மகன் கலியாணம் செய்தால் மனுவே செத்துப்போகும். கிரீன் கார்டுக்காரர் கலியாணமான பிள்ளைக்கு மனுப் போடச் சட்டத்தில் இடமில்லை. இங்கேதான் சோதனைக்காரன் வீட்டுக்குள் வருகிறான். "கலியாணத்தைச் சபையிலே முடிச்சிருவோம். ரிஜிஸ்டர்லே மட்டும் எழுத வேண்டாம் பாஸ்டர்." இன்னொரு வீட்டிலே, "பேப்பருக்கு மட்டும் ஒரு விவாகரத்து வாங்கிக்கலாம். அங்கே போனதும் சேர்ந்துக்கலாம்."

ஆதியாகமம் 12-ம் அதிகாரத்தைத் திறவுங்கள். பஞ்சம் வந்தது. ஆபிராம் எகிப்துக்குப் போகிறான். எல்லைக்கு வரும்போது மனைவியைப் பார்த்து, சகோதரி என்று சொல்லிவிடு என்கிறான். கலியாணத்தை மறைத்து ஒரு தேசத்துக்குள் நுழைந்தான்! அது முழுப்பொய்யும் அல்ல. அவள் தகப்பன் வழியில் சகோதரிதான் என்று 20-ம் அதிகாரத்தில் அவனே சொல்லுகிறான். பாதி உண்மை! ஆனால் அந்தப் பாதி உண்மையினால் சாராய் பார்வோன் அரமனைக்குள் போனாள். ஆபிராமுக்கு ஆடுமாடு கிடைத்தது, அவன் கூடாரத்திலோ மனைவி இல்லை. முடிவில் அவிசுவாசியான ராஜா விசுவாசிகளின் தகப்பனைப் பார்த்து, ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டு அனுப்பிவிட்டான்.

பேப்பரிலே மனைவியை மறைக்கிறவன் யாரை மறைக்கிறான்? பந்தலிலே கைப்பிடித்தவளை. அந்த விவாகரத்துக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவளும் பிள்ளைகளும் இந்த ஊரிலே எந்த முகத்தோடு நடப்பார்கள்? அங்கே போனவன் திரும்பி வராமற்போனால் அவள் யாரைக் கேட்பாள்? சட்டமும் இதை விளையாட்டாக எடுப்பதில்லை. பொய் சொல்லி விசா தேடினது தெரிந்தால் அந்தத் தேசத்து வாசல் ஆயுசுக்கும் அடைபடலாம். இங்கேயும், 1872-ம் வருஷத்துக் கிறிஸ்தவ விவாகச் சட்டத்தின்படி நடத்திவைத்த கலியாணத்தை ஊழியர் பதிவேட்டில் எழுதியே ஆகவேண்டும். எழுத வேண்டாம் என்று எந்த ஊழியரையும் கேளாதேயுங்கள். கேட்டால் எந்த ஊழியரும் இணங்க வேண்டாம்.

அம்மா சிட்டிசன் ஆகும்வரை மகளின் கலியாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்கிறீர்கள். அது ஜெபத்தோடும் நல்ல வக்கீலின் ஆலோசனையோடும் அந்தப் பிள்ளையின் மனதையும் கேட்டு எடுக்கவேண்டிய தீர்மானம். பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு பண்ணி, முப்பது வயதுப் பிள்ளையை ஃபைலுக்குக் காவல் வைக்காதேயுங்கள். தள்ளிவைப்பது ஒரு தீர்மானம். முடித்துவிட்டு மறைப்பதோ பொய்.

தாயா? ஃபைலா?

மனுப் போட்டவர் மரித்தால் மனுவும் பொதுவாக அவரோடே ரத்தாகிவிடும். மனு அதற்கு முன்பே அங்கீகாரம் ஆகியிருந்தால், மனிதாபிமான முறையில் உயிர்ப்பிக்கும்படி விண்ணப்பிக்கலாம். குடும்பத்தில் இன்னொருவர் பண உத்தரவாதம் கொடுக்க வேண்டும். கிடைக்கும் என்று உறுதியில்லை.

இதைத் தெரிந்த பிள்ளை என்ன செய்கிறான்? "ஆண்டவரே, எங்க அம்மாவுக்கு ஆயுசைக் கூட்டும்" என்று ஜெபிக்கிறான். நல்ல ஜெபம்! ஆனால் இருதயத்தை ஆராய்கிறவர் கேட்கிறார்: மகனே, தாய்க்காக ஜெபிக்கிறாயா, ஃபைலுக்காக ஜெபிக்கிறாயா?

அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். மேகமலைக் குளிர்தான் அவர் கண்ட குளிர். அங்கேயோ முழங்கால் அளவு பனி. பகல் முழுவதும் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் இருக்கிறார். நம் தேசம் இரட்டைக் குடியுரிமை கொடுப்பதில்லை. ஆகவே உனக்கு மனுப் போடுவதற்காக அவர் பிறந்த தேசத்தின் குடியுரிமையை விட்டுக்கொடுத்தார். அவருக்கு நீ போன் பண்ணி முதலாவது கேட்பது என்ன? "அம்மா, லெட்டர் ஏதும் வந்துச்சா?" இனி அப்படிக் கேளாதே. "என்னம்மா சாப்பிட்டீங்க? மூட்டுவலி எப்படி இருக்கு? ஜெபம் பண்ணுவோமா?" என்று கேள். தாயைக் கனம்பண்ணுவது என்றால், அவர் கையெழுத்தினால் நமக்கு என்ன கிடைக்கும் என்று பாராமல் அவரையே நேசிப்பது. ஃபைல் செத்தாலும் நீ அவருக்கு மகன்தான்.

வரப்பு வெட்டுங்கள்

இனி எரேமியாவின் கடிதத்தைப் பாருங்கள். 11-ம் வசனம் நம் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் தொங்குகிறது. கர்த்தர் நமக்கு நல்லதையே நினைக்கிறார் என்ற அந்த வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறோம், அல்லேலூயா! ஆனால் அதற்கு மேலே உள்ள வசனங்களை எத்தனை பேர் வாசித்தோம்? 10-ம் வசனத்தில் எழுபது வருஷம் இருக்கிறது. 5 முதல் 7 வரை கட்டளை இருக்கிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதின் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவையுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள். நல்ல எதிர்காலத்தை வாக்குப்பண்ணின அதே வாய், அதுவரைக்கும் மண்வெட்டியை எடு என்று சொன்னது!

நம்மிலே பலர் எப்படி இருக்கிறோம்? பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். "எப்படியும் போகப்போறோம்" என்று ஒழுகுகிற கூரையை மாற்றுவதில்லை. நல்ல வேலை வந்தால் எடுப்பதில்லை. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கத் தயங்குகிறோம். சபையிலே ஓய்வுநாள் பள்ளி எடுக்கக் கூப்பிட்டால், "நாங்க எப்ப கிளம்புவோம்னு தெரியாது பாஸ்டர்." இப்படியே 14 வருஷம்! திரும்பிப் பார்த்தால் வாலிபம் போயிற்று, பிள்ளைகளின் சிறுவயது போயிற்று. ஃபைல் எடுத்துக்கொண்ட வருஷங்கள் அல்ல அவை. நாம் வாழாமல் விட்ட வருஷங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயியிடம் கற்றுக்கொள்ளுங்கள். 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பின நாள் முதல், 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த மதகை நம்பி இருக்கிறது. முதல் போகத்துக்கு ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். அணையில் தண்ணீர் இல்லாத வருஷம் தள்ளிப்போகும். திறக்கிற தேதி விவசாயியின் கையில் இல்லை. அதற்காக அவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறானா? வரப்பு வெட்டுகிறான், வாய்க்காலைத் தூர் வாருகிறான், தொழுவுரம் அடிக்கிறான், விதைநெல்லை எடுத்து வைக்கிறான். மதகு திறக்கிறது அரசாங்கம், வரப்பு வெட்டுகிறது நான் என்று அவனுக்குத் தெரியும்.

தண்ணீர் வராமலே போனால் என்ன செய்வது என்பீர்கள். அதற்கும் தமிழருடைய சரித்திரத்தில் ஒரு சாட்சி உண்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருந்த நம் ஜனங்களைக் குறித்து 1964-ல் சிறிமாவோ, சாஸ்திரி என்ற இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஜனங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். தாய் தகப்பன் ஒரு தேசத்துக்கும், கலியாணமான பிள்ளை வேறு தேசத்துக்கும் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. வரிசையில் காத்திருந்தவர்களுக்கு 1984-ல் யுத்தத்தினால் ராமேஸ்வரம் கப்பல் நின்றுபோயிற்று. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே பல்லாயிரம் பேர் அங்கேயே தங்கினார்கள். அவர்கள் சும்மா இருந்தார்களா? லயத்து வாசலில் காய்கறிப் பாத்தி கட்டினார்கள், பிள்ளை வளர்த்தார்கள், ஆராதித்தார்கள். கடைசியில் 2003-ல் அந்தத் தேசமே அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. எந்த மண்ணில் காத்திருந்தார்களோ அந்த மண்ணே அவர்களுக்குத் தேசமாயிற்று. பட்ட அநியாயத்தை நான் நியாயப்படுத்தவில்லை. காத்திருந்த காலத்தில் போட்ட பாத்தி வீணாகவில்லை என்கிறேன்.

ஆகவே இந்த மாதமே கூரையை மாற்றுங்கள். பிள்ளையைப் படிக்கப் போடுங்கள். திராட்சைக்குக் கவாத்து எடுக்கிற காலம் வந்தால் கவாத்து எடுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்பு வந்தால் சந்தோஷமாய்ப் போகலாம். வராவிட்டாலும் நீங்கள் வாழ்ந்திருப்பீர்கள்.

யார் மனுவிலும் போக முடியாத தேசம்

ஆதியாகமம் 46-ல் யாக்கோபின் குடும்பம் யோசேப்பின் அழைப்பின்பேரில் எகிப்துக்குப் போனதைப் பாருங்கள். கலியாணமான குமாரர்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வண்டிகளில் ஏறினார்கள். யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை! ஆனாலும் யாக்கோபு பெயெர்செபாவில் வண்டியை நிறுத்திப் பலியிட்டான். மகனைக் காணாமல் 22 வருஷம் தவித்த தகப்பன், போவதற்கு முன் கர்த்தரிடத்தில் கேட்டான். விசா கையில் வந்த பிறகும் கேட்க மறவாதேயுங்கள்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது (3:20) நமக்குப் பரலோகத்தில் ஒரு குடியுரிமை உண்டு என்று காட்டுகிறான். அந்தத் தேசத்துக்கு வருஷத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்கில்லை. கலியாணமானவன், ஆகாதவன் என்ற வரிசையும் இல்லை. ஆனால் ஒன்று உண்டு. அங்கே தாயின் மனுவில் பிள்ளை போக முடியாது! "எங்க அம்மா பெரிய ஜெபவீராங்கனை" என்பது அங்கே செல்லாது. ஒவ்வொருவனும் தன் சொந்த முழங்காலில் நின்று, தன் சொந்த வாயினால் இயேசுவை அறிக்கையிட வேண்டும். அம்மாவின் ஃபைலில் உன் பெயர் இருக்கிறது. ஜீவபுஸ்தகத்தில் இருக்கிறதா? அதற்குப் பதினாலு வருஷம் வேண்டாம். இன்றைக்கே போதும்.

ஜெபிப்போம்: அன்புள்ள பரம தகப்பனே, தூரத்தில் இருக்கிற தாய்மாரைத் தாங்கும். காத்திருக்கிற குமாரரையும் குமாரத்திகளையும் திடப்படுத்தும். பொய் சொல்லும் சோதனையிலிருந்து எங்கள் வீடுகளைக் காத்தருளும். பிரிந்திருக்கிறவர்களை உமது வேளையில் சேர்த்து வையும். அதுவரைக்கும் நீர் வைத்த இடத்திலே உண்மையாய் வாழக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.

மாரநாதா!